உதட்டுக்குக் காய்ச்சிய மெழுகு

என் மனைவியின் உதடு வெடித்ததற்குக் காரணம் பரேல் பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்த கரண்ட். வெடித்த உதட்டில் பூச ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது.

தொண்டையில் கட்டி என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் தாராவியிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கீழே படுக்க வைத்து, தடிமனான கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் முதல் ஆயா வரை எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அதைத்தான் நாங்கள் கரண்ட் வைப்பது என்போம்.

"ஒடம்புக்கு நல்லதுன்னா அவிய எதுக்கு வெளிய ஓடுதாவ?" என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டாள்.

"ஒம் மூஞ்சியப் பாத்துப் பயந்துதான்," என்றேன்.

சிரித்தாள். கீழுதட்டின் நடுவில் ஒரு கோடு பிளந்து ரத்தம் வந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது மூன்றாவது வாரம். வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோயிருந்தது. இட்லியைத் தண்ணீரில் கரைத்துத்தான் விழுங்கினாள். ருசி போய்விட்டது. கொஞ்ச நாளில் வாசனையும் தெரியவில்லை. உதடு மட்டும் பாளம் பாளமாக வெடித்துக்கொண்டே போனது. பேசினால் ரத்தம், கொட்டாவி விட்டால் ரத்தம். சிரித்தால் கேட்க வேண்டாம்.

"இனும என்னைய சிரிக்க வைக்காதீய," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "கையெடுத்துக் கும்புடுதேன்."

எனக்கு ஒரு தொழில் உண்டு. தோல் பைகளுக்கு மெழுகு போட்டுத் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவது. அதற்கு ஆள் மாற்றினால் பைக்கு வித்தியாசம் தெரியாது. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் சாளில் எனக்கென்று இருந்த மரியாதை வேறு ஒன்றுக்காக. குழாயடியில் தண்ணீர் வராத நாளிலும், கக்கூஸ் வரிசையிலும், சில சமயம் இழவு வீட்டிலும்கூட, நான் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்ததைவிட அவளைச் சிரிக்க வைத்ததுதான் அதிகம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அதன்பின் கோலி என்கிற அந்த ஒற்றை அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் முன்பின் தெரியாத ரயில் பயணிகளைப்போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

உதட்டு வெடிப்புக்கு நெய் தடவுவார்கள், வெண்ணெய் தடவுவார்கள். ஊரறிந்த வைத்தியம். அவள் தொடமாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து, இருபது நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது அம்மன் முன்னால் போய் நின்று இவள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், உயிருள்ள ஒன்றிடமிருந்து எடுத்த எதையும் சாகிற வரைக்கும் வாயில் வைப்பதில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து மீன் போனது, முட்டை போனது. பால், தயிர், மோர், நெய் எல்லாம் போயின. தேனும் போனது. பதினாலு வருஷமாகக் கடுங்காப்பி குடித்தாள். ஊர்க்கல்யாணங்களில் பாயசத்துக்கு முன்னால் எழுந்து கை கழுவப் போய்விடுவாள்.

நான் கிண்டல் செய்யாமல் இருப்பேனா. "நா சம்பாதிக்கதே தோல்லதான். அந்தச் சோத்த மட்டும் திங்கியே" என்று கேட்பேன்.

"சோறு நெல்லுலேர்ந்து வருது. தோல நா வாயில வைக்கலேல்லா."

அவளுடைய கணக்கில் அந்த நேர்ச்சைதான் மகளைப் பிடித்து வைத்திருக்கிற கயிறு. இவள் விட்டால் அங்கே விழும். மகளுக்குக் கல்யாணமாகி மான்குர்தில் இருந்தாள். அந்த மார்கழியில் அவளுக்கு ஆறு மாதம். முதல் பிள்ளை. இப்போது போய் நெய்யை எடுத்து உதட்டில் தடவு என்றால் கேட்பாளா.

வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். "வாயில வைக்கமாட்டேன்னுதான சொன்ன. ஒதடு வாயில்ல ளா. அது வாசப்படி."

"வாசப்படியில மிதிக்காமயா வீட்டுக்குள்ள வாரீய," என்றாள். அதற்கே ரத்தம் வந்துவிட்டது. நான் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

தேங்காய் எண்ணெய் தடவினோம். பம்பாய்ப் பகல் வெக்கையில் எண்ணெய் தண்ணீராகி முகவாயில் வழிந்துவிடும். பத்து நிமிஷத்தில் உதடு பழையபடி சொரசொரத்துப்போகும். இரவெல்லாம் தடவிக்கொண்டா இருக்க முடியும்.

மருந்துக்கடையில் சின்ன சீசாவில் வெள்ளைக் களிம்பு ஒன்று விற்பான். மண்ணெண்ணெய் எடுக்கிற அதே கச்சா எண்ணெயிலிருந்து வருவது. ஆடு, மாடு, ஈ, எறும்பு எதற்கும் அதில் பங்கு இல்லை. உதட்டில் பூசினால் மணிக்கணக்கில் நிற்கும். ஒரு சீசா வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அவள் சீசாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சீசாவைக் காலால் தள்ளி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் என் பாத வெடிப்புக்கு இதே களிம்பை வாங்கி வந்திருந்தேன். எதில் செய்தது என்று கேட்டாள். வாசலில் நாலு பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். சபை கூடியிருந்தால் எனக்கு நாக்கு நிற்காது. "பன்னிக் கொழுப்பு. சீமையில பெரிய கொப்பரையில முழுப் பன்னியையும் போட்டுக் காய்ச்சுதான். மேல மெதக்குதத வழிச்சு சீசாவுல போட்டா இது. அடியில கெடக்குதத டின்னுல போட்டா பிஸ்கோத்து," என்றேன். அந்தப் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நல்ல வரவேற்பு. இவள் சிரிக்கவில்லை. சீசாவை இடுக்கியால் எடுத்துப்போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து குளித்தாள்.

இப்போது தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன் ளா. இது கச்சா எண்ணெ. பூமிக்கடியிலேர்ந்து வருது."

"அன்னைக்கும் இப்பிடித்தான் சத்தியம் பண்ணுனீய," என்றாள்.

பண்ணியிருப்பேன்.

மருமகன் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலையில் வேலை பார்க்கிறவன். அமைதியான பையன், பொய் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவனை வரவழைத்தேன். "அத்தே, மாமா சொல்லுதது நெசந்தான். எங்க ஆலைக்கு வர்ற எண்ணெயிலதான் இதெல்லாம் எடுப்பாங்க," என்றான்.

அவள் மெதுவாக, உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "மாமனாரு சொல்லிக்குடுத்தாரா?"

அவன் வெலவெலத்துப்போய் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். காரியம் கெட்டது.

அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். என் வார்த்தை செல்லாது. அவள் கண்ணுக்கு முன்னால், அவளுக்குத் தெரிந்த சாமான்களை மட்டும் போட்டுச் செய்தால் ஒத்துக்கொள்வாள். எண்ணெய் வழியாமல் நிற்க அதை இறுக்குகிற மெழுகு ஒன்று வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் கேட்டேன். தேன்மெழுகுக் கட்டியை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். மெழுகுவர்த்தி உருக்கலாமா என்றேன்.

"அதுல கொழுப்பு சேக்கானுவ. எந்தக் கொழுப்புன்னு எனக்குத் தெரியாது," என்றார். "உயிர் சம்பந்தமில்லாத மெழுகுன்னா எங்கிட்ட இல்ல. ஆமா, நீரு தோலுக்குப் பாலிஷ் போடுத ஆளுதான. ஒங்க கடையில என்ன மெழுகு போடுதாவ?"

நான் அங்கேயே நின்றேன். பதினெட்டு வருஷமாகக் கையில் பிசைகிற மெழுகு. பிரேசில் மெழுகு என்போம். கப்பலில் வருவது. மஞ்சள் செதில் செதிலாகச் சாக்கில் இருக்கும். அது ஏதோ ஒரு பனையின் ஓலையில் இருந்து சுரண்டி எடுப்பது என்று பட்டறை மேஸ்திரி எப்போதோ சொல்லியிருக்கிறார். வீட்டில் மருந்துக்கு அலைகிறவன், அதைத் தினமும் எட்டு மணி நேரம் தோல் பைக்குப் பூசிக்கொண்டிருந்திருக்கிறான்.

மேஸ்திரியிடம் கேட்டு ஒரு கை அள்ளிக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தேன். அவள் முன்னால் பிரித்து வைத்தேன். நம்பமாட்டாள் என்று தெரியும், ஆகையால் ஒன்றும் பேசவில்லை. அவள் ஒரு செதிலை எடுத்து விரலால் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னது?"

"பன மெழுகு. வெளிநாட்டுப் பன."

கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "குருத்தோலையப் பிரிச்சா கையில வெள்ளையா ஒட்டும்லா. அதா?"

"அதேதான்."

அவள் தலையை ஆட்டினாள். என்னை நம்பவில்லை. ஓலையை நம்பினாள். எனக்கு அது போதும்.

முதல் தடவை பாதிக்குப் பாதி போட்டேன். ஸ்டவ்வில் சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் டம்ளரை இறக்கி, தேங்காய் எண்ணெயில் மெழுகைப் போட்டுக் கிண்டினேன். எளிதில் உருகுகிற மெழுகு இல்லை அது. தண்ணீர் தளதளவென்று கொதித்தால்தான் இளகும். பாயில் சாய்ந்துகொண்டு அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள். டம்ளரை முதலில் சாம்பல் போட்டுத் தேய்க்க வைத்தாள். கரண்டியை மாற்றச் சொன்னாள், அதில் எப்போதோ மகளுக்கு நெய் எடுத்ததாம். ஆறிய பிறகு டம்ளரைக் கவிழ்த்தால் ஒரு கட்டி விழுந்தது. அதை எடுத்துத் தரையில் தட்டிக் காட்டினாள். டக் டக் என்றது. கதவுக்குக் கைப்பிடியாகப் போடலாம்.

அடுத்த தடவை மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்டினேன். கையில் எடுத்தால் மணல் மணலாக நெருடியது. ஆறுகிறபோது கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்தது மத்தியான வெயிலில் குழம்பாகி ஓடியது. அதற்குள் கொண்டுவந்த மெழுகும் தீர்ந்தது. இதற்கிடையில் அவள் உதட்டின் இரண்டு ஓரமும் புண்ணாகி, கரண்டியால் கஞ்சி ஊற்றவும் வாய் திறக்க முடியாமல் போனது. பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். வேண்டும் என்றால் கையைத் தட்டுவாள். டம்ளரைக் காட்டுவாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த டாக்டர், இப்படியே சாப்பிடாமல் இருந்தால் கரண்டை நிறுத்த வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்த வாரத்தில் பட்டறைக்குப் புதுச் சாக்கு வந்தது. அதிலிருந்து ஒரு கை வாங்கி வந்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. தேங்காய் எண்ணெய் ஆறு கரண்டி, விளக்கெண்ணெய் இரண்டு கரண்டி, மெழுகு ஒரு கரண்டி. இறக்கி வைத்துப் பச்சைத் தண்ணீரில் டம்ளரை நிறுத்தி, கெட்டியாகிற வரை கை வலிக்கக் கிண்டினேன். அவளுடைய பழைய குங்குமச் சிமிழைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றினேன்.

வெண்ணெய் மாதிரி வந்திருந்தது. விரலை வைத்தால் குழைந்தது, உதட்டில் வைத்தால் நின்றது. மினுமினுப்புகூட இருந்தது.

நாலாம் நாள் வெடிப்பு ஓரத்தில் ஒட்டத் தொடங்கியது. ஏழாம் நாள் கஞ்சியில் பருப்பைக் கரைத்துக் கொடுக்கக் குடித்தாள். பத்தாம் நாள் காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொத்தான மாத்திப் போட்டிருக்கீய."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் பேசின முதல் வார்த்தை. கேட்டுக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன், பொத்தானைத் திருத்தாமலே.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. குழாயடியில் எல்லோரிடமும் சொன்னேன். ஆறுக்கு ரெண்டுக்கு ஒண்ணு, ஆறும்போது கிண்டணும், அதுதான் கைப்பக்குவம் என்று பெரிய வைத்தியர் மாதிரி விளக்கினேன். பக்கத்துக் கோலிக்காரி தன் மாமியாருக்கும் கேட்டாள். அவளுக்கும் ஒரு டப்பா காய்ச்சிக் கொடுத்தேன். வீட்டில் சின்னச் சின்ன ஜோக்காக ஆரம்பித்தேன், உதடு தாங்குகிற அளவுக்கு. அவள் மூக்கால் சிரித்தாள்.

மாசியில் மகள் வந்தாள். எட்டு மாத வயிறு. அந்த நாட்களில் அவளுக்கு மூக்கு பயங்கரக் கூர்மை. தோல் வாடைக்காக என்னைப் பக்கத்திலேயே அண்டவிட மாட்டாள். அம்மாவின் உதட்டுக்குத் தடவ சிமிழைத் திறந்தவள் முகர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, தேன் வாசம் வருது."

"பன மெழுகுலா. கருப்பட்டி வாசம் அது," என்றேன்.

"கருப்பட்டி இல்லப்பா. தேனு."

"பிள்ளத்தாச்சிக்கு எதுதான் மணக்காது. நேத்து ஒம் புருசன் சட்டையில மல்லியப்பூ வாசம் வருதுன்னு சண்ட போட்டியாமே."

அவள் என்னை அடிக்க வந்தாள். அவள் அம்மா மூக்கால் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குள் சந்தேகம் அதற்குள்ளேயே விழுந்துவிட்டிருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். பதினெட்டு வருஷத் தோல் வாடையில் என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. மேஸ்திரியிடம் போனேன்.

"இந்தப் புதுச் சாக்கு எப்பிடி?"

"ஏம்வே, பாலிஷ் நல்லா ஏறலியா?"

"நல்லா ஏறுது. முந்தினதவிட மெதுவா இருக்கு."

"இருக்காதா பின்ன. எறக்குமதி லைசென்ஸ் கெடைக்கல, கப்பல்ல சரக்கு வரல. மெழுகு விக்க சேட் பாதிக்குப் பாதி தேன்மெழுகு கலந்து உருக்கிச் செதில் போட்டுல்லா அனுப்பிருக்கான்." ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "கலப்படந்தான். ஆனா கையில நல்லா கொழையுது பாத்தீரா."

பார்த்தேன். என்னுடைய கைப்பக்குவம் அதுதான்.

நாலு நாள் சொல்லவில்லை. அவள் தினமும் சிமிழைத் திறந்து பூசிக்கொண்டாள். பூசிக்கொண்டு பேசினாள். பேறுகாலத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும், பிள்ளைக்கு எந்தப் புடவையைக் கிழித்து விரிக்க வேண்டும், எல்லாம் பேசினாள். சிமிழை எடுத்து ஒளித்துவிட்டு நல்ல மெழுகில் புதிதாகக் காய்ச்சி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய சாக்கு தீர்ந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. மாட்டுங்கா, மஸ்ஜித் பந்தர், சாயக்கடை, பாலிஷ் கடை எங்கும் அலைந்தேன். எல்லோரும் சுத்தமான சரக்கு என்றார்கள். எதை நம்ப. அவளை நான் வைத்திருந்த நிலைமை எனக்கே திரும்பி வந்தது.

நல்லவனாக இருக்க ஆசைப்பட்டுச் சொன்னேன் என்று எழுதலாம். படிக்க நன்றாக இருக்கும். உண்மையில், தனியாக வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. மகளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், காரணம் தெரிந்த ஒரே ஆளாக நான் இருப்பேன். நேர்ச்சையில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த நாலு நாளில் மான்குர்த் பஸ் சத்தம் கேட்டாலே யார் வருகிறார்கள் என்று வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் சொல்லிவிட்டேன். அவள் வெற்றிலை டப்பாவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அவள் நம்பமாட்டாள் என்று ஒரு நைப்பாசை இருந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் சொன்ன எதையும் முதல் தடவையில் நம்பாதவள். நான் சத்தியம் செய்வேன், அவள் போங்க என்பாள், நான் சொல்லியும் ஆயிற்று, அவள் நம்பாததும் ஆயிற்று என்று போய்விடும்.

"அந்தப் புது மெழுகுல தேன்மெழுகு கலந்திருக்கான் ளா. எனக்கு முந்தித் தெரியாது. திங்கக்கெழமதான் தெரிஞ்சுது," என்றேன்.

அவள் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. முந்தானையை எடுத்து உதட்டை அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஒட்டியிருந்த பொருக்கு பெயர்ந்து ரத்தம் வந்த பிறகும் துடைத்தாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

"எத்தன நாளா?"

"முப்பது நாளு இருக்கும்."

"அவகிட்டச் சொல்லிராதீய," என்றாள். "வயித்துல பிள்ளையோட பயந்துருவா."

என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நான் சொன்னதை நம்பிவிட்டாள், அவ்வளவுதான். என் வார்த்தை செல்ல வேண்டும் என்று மார்கழி முழுக்க ஏங்கிக் கிடந்தவன் நான். அது செல்லுபடியான அன்று, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கூப்பிட்டாள். "நேர்ச்ச முறிஞ்சு போச்சு. அபராதம் செலுத்தணும். முடி எறக்கணும்."

"நீ இருக்குத நெலையில எப்பிடி ளா?"

"எனக்குத் தெம்பில்ல. காச்சுனது நீங்கதான. நீங்க எறக்குங்க."

என்னிடம் இருந்த ஒரே அழகு அந்த முடி. நாற்பத்தேழு வயதிலும் ஒரு நரை இல்லாமல், நெற்றியில் சுருண்டு விழும். அதை வாரிவிடுவதற்காகத்தான் வீட்டில் கண்ணாடி வாங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கிற சவரக்காரர்தான் அங்கும் வருவார். "என்ன வேண்டுதல் அண்ணாச்சி?" என்று கேட்டார். ஜோக் ஒன்றும் வரவில்லை. "சும்மாதான்," என்றேன்.

அங்கிருந்து பட்டறைக்குப் போனால் மேஸ்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பைக்குப் பாலிஷ் போடச் சொன்னா நீரு எதுக்குவே மண்டைக்குப் போட்டிருக்கீரு?" எல்லோரும் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து வாசலில் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தேன். அவள் படுத்திருந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கால் இல்லை, வாயைத் திறந்து. வெடிப்பு அத்தனையும் பிளந்து முகவாய் வரைக்கும் ரத்தம் ஓடியது. அவள் துடைக்கக்கூட இல்லை.

"காது ரெண்டும் சட்டிக்குப் பிடி வச்ச மாதிரி இருக்கு," என்றாள். "சிரிக்க வைக்காதீயன்னு சொன்னேம்லா."

"நா ஒண்ணுமே சொல்லலியே ளா," என்றேன். சத்தியமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மெழுகைப்பற்றி நாங்கள் பேசவில்லை. நல்லது கிடைத்தால் பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். எண்ணெய் போதும் என்று கையைக் காட்டிவிட்டாள். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவினேன். முகவாயில் வழிவதைத் துடைத்தேன். மறுபடி தடவினேன். அதில் கைப்பக்குவம் ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். கஞ்சி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. நடுவில் விட்டு விட்டு வைத்துவந்த கரண்டையும் மாசிக் கடைசியில் டாக்டர் அடியோடு நிறுத்தினார்.

பங்குனி முதல் வாரம் ஒரு மத்தியானம் மருமகன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். டிராம்பேயிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேரே வருகிறான்.

"அத்தே, பொம்பளப் பிள்ள."

அவள் விரலை நீட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "வெரலெல்லாம் சரியா இருக்கான்னு கேக்கா."

"எல்லாம் இருக்கு அத்தே. நா எண்ணிப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவளும் நல்லா இருக்கா. காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் இருக்கிற திசைப்பக்கம் ஒரு கை மட்டும் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. அபராதத்தை அம்மன் ஒத்துக்கொண்டாள் என்று அவளுக்குள் ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும். நான் எண்ணெயைத் தொட்டேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் போனாள். பேத்தியை அவள் பார்க்கவில்லை. தீட்டு கழியாமல் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று மருமகன் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் வழக்கம்தான்.

எங்களுக்கு மகன் இல்லாததால் கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். கொள்ளி வைக்கிறவன் முதலில் மொட்டை போட்டாக வேண்டும். சுடுகாட்டுக் குழாயடியில் என்னை உட்கார வைத்தார்கள். எங்கள் தெருச் சவரக்காரர் பெட்டியைத் திறந்து, தண்ணீரை அள்ளி என் தலையில் தடவினார். தடவியவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். விரல் நுனியால் அங்கே இங்கே தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, போன மாசந்தான எடுத்தோம்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். "கத்தி வைக்கதுக்கு இன்னும் சரியா மொளைக்கலியே."

"இருக்குதத எடும்," என்றேன்.

அவர் கத்தியைத் தீட்டினார்.